கூஹியோவின் விடுமுறைகள்

என் அப்பா ஆசாரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் நிலையைத் தடவிப் பார்ப்பார்; அப்புறம்தான் வீட்டுக்காரர்களிடம் நலம் விசாரிப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. 2015 கோடையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு நீண்ட பலகைகளுக்கு முன்னால் நின்றபோதும் அப்படித்தான். பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படிக்கும் முன்பே கண் மரத்துக்குப் போய்விட்டது. தொட அனுமதியில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

காலத்தில் கறுத்துப்போன சிவப்பு. ஆளைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம். ரெட்வுட் என்று பார்த்ததும் தெரிந்தது. நம் ஊர்ச் செம்மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு, இது வேறு. ரெட்வுட் வானத்தைத் தொடுவதுபோல் வளரும் ஊசியிலை மரம். சான் ஹோசேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சாண்டா குரூஸ் போகிற மலைப்பாதை முழுக்க இந்த மரங்களின் நிழல்தான். ரேகை நேராக ஓடும், எடை குறைவு, ஈரத்தில் எளிதில் உளுத்துப் போகாது. அப்பா உயிரோடு இருந்திருந்தால், “கதவுக்கு ஆகாது, பிளந்துக்கும். தண்ணிக்கு நல்ல மரம்” என்று சொல்லியிருப்பார்.

தண்ணீருக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலிருந்து கப்பலேறி வந்த அந்தப் பலகைகள், 1885இல் மூன்று ஹவாய் இளவரசர்கள் இதே ஊரில் அலைமேல் ஏறிச் சறுக்கியவை என்று கருதப்படுகின்றன. மூவரும் பள்ளி மாணவர்கள். கடைக்குட்டிக்கு வயது 14. அவன் பெயர் ஜோனா கூஹியோ கலானியனாஓலே. அன்றிலிருந்து அவனுடைய வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அவனைப் பற்றிய புத்தகங்கள் அரசியலைச் சொல்கின்றன, சிறையைச் சொல்கின்றன, சட்டங்களைச் சொல்கின்றன. எனக்கு அவனுடைய இரண்டு விடுமுறைகள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவியாகத் தெரிகின்றன.

*

கூஹியோ 1871 மார்ச் 26 அன்று கவாய் தீவில், கோலோவா என்ற ஊரில் பிறந்தான். மூத்தவன் டேவிட் கவானனாகோவா. நடுவிலவன் எட்வர்ட். பழைய கவாய் அரச மரபில் வந்த பிள்ளைகள். 1878இல் அப்பா இறந்தார். 1884 ஜனவரியில் அம்மா கெகாவுலிகேயும் போய்விட்டாள். அம்மாவின் அக்கா கபியோலானி அப்போது ஹவாயின் ராணி. மன்னர் கலாகவுவாவின் மனைவி. பிள்ளை இல்லாதவள். தங்கையின் மூன்று பையன்களையும் தன் பிள்ளைகளாக்கிக்கொண்டாள். ஹவாய் மொழியில் இந்தத் தத்து முறைக்கு ஹானை என்று பெயர். சாதாரணக் குடும்பங்களிலும் அரச குடும்பத்திலும் காலங்காலமாக இருந்துவந்த வழக்கம். பெரியம்மா தாயானாள், பெரியப்பா மன்னராக இருந்தார், 1883இல் நடந்த முடிசூட்டு விழாவின்போதே பையன்களுக்கு இளவரசர் பட்டமும் கிடைத்திருந்தது.

அதன் பின் பள்ளிக்கூடம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் மடேயோவில், எபிஸ்கோபல் பாதிரியார் ஆல்ஃபிரட் லீ புரூவர் 1866இல் தொடங்கிய செயின்ட் மேத்யூஸ் ஹால். ராணுவப் பாணியில் நடந்த பள்ளி. சீருடை, அணிவகுப்பு, ஆங்கிலப் பாடம், ஜெபம். தாயை இழந்த பையன்கள் ஒரு வாரக் கப்பல் பயணம் செய்து அங்கே வந்து சேர்ந்தார்கள்.

நானும் ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் படித்தவள். விடுதிப் பிள்ளைக்கு ஆண்டு ஜூனில் தொடங்குவதில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. பஸ் ஊர் எல்லைக்குள் நுழையும்போது வருகிற மண்வாசம், பேச்சில் தானாகத் திரும்பி வரும் வீட்டு மொழி, செருப்பில்லாமல் நடக்கும் கால். அந்தக் கொஞ்ச நாளில் பிள்ளை தன்னிடமே திரும்பி வருகிறது. கூஹியோவுக்கும் அவன் அண்ணன்களுக்கும் வீடு ஒரு பெருங்கடல் தாண்டி இருந்தது. ஆனால் அவர்கள் விடுமுறைக்குப் போன ஊரிலும் அந்தக் கடலின் அலை வந்து அடித்தது.

*

அந்த அலையின் மேல் சறுக்குவதற்கு ஹவாய் மொழியில் ‘ஹெஎ நலு’ என்று பெயர். ஹெஎ என்றால் வழுக்கி ஓடுவது, நலு என்றால் அலை. குடியானவரும் செய்தார்கள், தலைவர்களும் செய்தார்கள், பெண்களும் செய்தார்கள். மிக நீளமான ‘ஒலோ’ வகைப் பலகை தலைவர்களுக்குரியது. குட்டையும் மெலிவுமான ‘அலாயா’ எல்லோருக்கும் உரியது.

பலகை செய்த முறையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் பட்டறை நினைவுக்கு வந்தது. மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் அடியில் ‘கூமூ’ என்ற சிவப்பு மீனை வைப்பார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்தபின் வேர்ப்பகுதியில் குழி தோண்டி, மந்திரம் சொல்லி, அந்த மீனை அதற்குள் இடுவார்கள். எடுத்ததற்கு ஈடு. அப்பாவும் ரம்பம் வைக்கும் முன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் தொடங்கியதில்லை. பிறகு கல் வாய்ச்சியால் செதுக்கி உருவம் கொண்டுவந்து, கடற்கரையில் படகு கட்டும் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். பவளக்கல்லாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ‘டீ’ (தேயிலை அல்ல) என்ற செடியின் வேரிலிருந்தோ, குகூயி மரப்பட்டையிலிருந்தோ, சுட்ட குகூயிக் கொட்டையின் கரியிலிருந்தோ சாயம். கடைசியாகக் குகூயி எண்ணெய். ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும் உலர்த்தி, எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள்.

மரத்தில் எனக்கு ஒரு சொந்தமும் கிடைத்தது. ஒலோ பலகைக்கு உகந்தது என்று அவர்கள் போற்றிய ‘விலிவிலி’, நம் கல்யாண முருங்கையின் நேர் உறவு. இரண்டும் ஒரே பேரினம். அதே செக்கச்சிவந்த விதை, அதே தக்கைபோன்ற லேசான கட்டை. அலாயாவுக்கு கோவா மரமும் சீமைப்பலாவும்.

இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் மெலிந்துபோனதற்குப் பெரிய காரணம் சாவு. 1778இல் கேப்டன் குக் வந்த பிறகு, வெளியிலிருந்து வந்த நோய்கள் தீவுகளை வாரிக்கொண்டு போயின. 1884 கணக்கெடுப்பில் கலப்பில்லாத ஹவாயர்கள் சுமார் 40,000 பேர்தான் எஞ்சியிருந்தார்கள். கடற்கரையில் அலை இருந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லை. 1820இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாருக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆனால் அரைகுறை ஆடையும், ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்துவதும், சறுக்குப் போட்டியில் பந்தயம் கட்டுவதும் அவர்களுக்குப் பாவமாகப் பட்டன. வேலை, பள்ளி, கோயில் என்று நாள் நிரம்பிய பிறகு அலைக்கு நேரம் இல்லாமல் போயிற்று. மன்னர் கலாகவுவா ஹூலா நடனத்தை மீண்டும் அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவந்தவர். பழைய கலைகள் மேல் பற்றுள்ளவர். அவர் வீட்டில் வளர்ந்த பையன்கள் அலையை மறக்கவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

*

சாண்டா குரூஸில் அந்தப் பையன்களை வரவேற்க ஒரு பெண்மணி இருந்தார். ஆன்டோனெட் ஸ்வான். ஹொனலுலுவில் பிறந்தவர். முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு ஆலோசகராக இருந்த ஸ்பெயின்காரர் பிரான்சிஸ்கோ தே பாவ்லா மரீனின் மகள். அரச குடும்பத்தோடு பழக்கம் உள்ளவர். லைமன் ஸ்வானை மணந்து சாண்டா குரூஸில் குடியேறியிருந்தார். அந்நிய நாட்டில் படிக்கும் தாயில்லாப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெரிந்த ஒரு வாசல் திறந்திருப்பது எத்தனை பெரிய காரியம்! விடுதியில் இருந்த ஆண்டுகளில் எனக்கு அப்படி ஒரு பெரியம்மா வீடு வாய்த்தது. அங்கே போனால் யாரும் என் மதிப்பெண்ணைக் கேட்டதில்லை, “சாப்பிட்டியாம்மா?” என்றுதான் கேட்டார்கள்.

1885 ஜூலையில் மூவரும் அங்கே இருந்தார்கள். டேவிடுக்கு 17 வயது, எட்வர்டுக்கு 16. விலிவிலி இல்லை, கோவா இல்லை. சுற்றியிருந்த மலைகளில் ரெட்வுட் இருந்தது. அந்த மலைகளை வெட்டி அறுத்துத்தான் அன்றைய சாண்டா குரூஸ் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த உள்ளூர் மரத்தில் பலகை அறுத்து, தங்கள் ஊர் ஒலோவின் வடிவில் செய்துகொண்டார்கள். ஆசாரி மகளாக நான் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். மரம் மாறினாலும் அளவு கையில் இருந்தது. எவ்வளவு நீளம், எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, முனை எப்படி வளைய வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது. சின்ன வயதில் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படிந்த கணக்கு அது. அப்பாவும் படம் வரைந்து வேலை செய்ததில்லை.

சான் லொரென்சோ ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இறங்கினார்கள். 1885 ஜூலை 20 அன்று உள்ளூர் நாளிதழ் கடற்கரைச் செய்தி ஒன்றை அச்சிட்டது. முப்பது நாற்பது பேர் அலையில் குளித்துக்கொண்டிருந்தார்களாம். அலை அவர்களைத் தூக்கி எறிவதைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் பாறையில் மோதிவிடுவார்களோ என்று பயந்தார்களாம். ஹவாயின் இளம் இளவரசர்களும் தண்ணீரில் இருந்தார்கள், மிகுந்த உற்சாகத்தோடு தங்கள் தீவுகளின் பலகை நீச்சலைச் செய்து காட்டினார்கள் என்று அந்தச் செய்தி சொல்கிறது. அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு அதுதான். அந்த நாளிதழின் பெயரே ‘சாண்டா குரூஸ் டெய்லி சர்ஃப்’.

நான் அந்த முகத்துவாரத்தில் ஒரு ஜூலை மாதத்தில் கால் நனைத்திருக்கிறேன். கணுக்கால் வரை போவதற்குள் எலும்பு வலித்தது. ஹொனலுலுவின் வைகிகிக் கடற்கரையில் தண்ணீர் வெதுவெதுப்பானது. சாண்டா குரூஸ் இருக்கும் மான்டெரே வளைகுடாவின் தண்ணீர் கோடையிலும் குளிர் விடாதது. இன்று அங்கே சறுக்குகிறவர்கள் உடம்பை மூடும் ரப்பர் உடை போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பையன்களுக்கு அது கிடையாது. எடை மிகுந்த பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் இறங்கினார்கள் என்றால், அது வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் இருந்திருக்க முடியாது. பள்ளியில் யாருடைய தாளத்துக்கோ அடியெடுத்து வைத்த கால், இங்கே தன் தாளத்தில் நின்றது.

கரையில் நின்று பார்த்த ஊர்ப்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1896 கோடையில் அதே நாளிதழ், பக்கத்துக் கடற்கரையில் பையன்கள் ஹவாயர்களைப் போலப் பலகை வைத்து அலையில் ஏறுவதாக எழுதியது. இளவரசர்கள் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

மூவராக வந்தவர்கள் மூவராக இருக்கவில்லை. 1887 ஜூலையில் ஹொனலுலுவில் வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் துப்பாக்கி ஏந்திய படையைக் காட்டி, கலாகவுவாவின் அதிகாரத்தைப் பறிக்கும் அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். துப்பாக்கிமுனைச் சட்டம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் எட்வர்ட் நோயோடு பள்ளியிலிருந்து வீடு திரும்பினான். திரும்பிய கையோடு இறந்துபோனான். வயது 18. பெரியம்மா வளர்த்த மூன்று பிள்ளைகளில் நடுவிலவன் போய்விட்டான். அருங்காட்சியகத்தில் இருந்த பலகைகள் இரண்டுதான். பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் மூன்றாவதைத் தேடியது.

மிச்சம் இருந்த இருவரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். இம்முறை விவசாயக் கல்வி. மேற்பார்வைக்கு ஜான் ரைட்சன் என்ற ஆசிரியர். 1890 செப்டம்பரில் ரைட்சன் அவர்களை வட கடலோரம், யார்க்ஷயரில் இருக்கும் பிரிட்லிங்டனுக்கு விடுமுறைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து 19 வயதுக் கூஹியோ, இங்கிலாந்தில் ஹவாய் அரசின் தூதரகப் பணியைக் கவனித்துவந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு 22ஆம் தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதம் நூறு ஆண்டுக்கு மேல் பிஷப் அருங்காட்சியகத்துக் காகிதங்களுக்குள் கிடந்து, பிறகு கண்ணில் பட்டது.

அதில் அவன் சொல்லும் விஷயம் எளிமையானது. தினமும் கடலில் நீந்துகிறோம். சில நாளாக நல்ல காற்று. கடல் கொந்தளித்தால்தான் எங்களுக்குப் பிடிக்கும், அப்போதுதான் அலையில் ஏற முடியும். எங்களைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள் அசந்துபோகிறார்கள். ரைட்சனே கற்றுக்கொண்டிருக்கிறார்; இன்னும் சில நாளில் எங்களைப்போல் சறுக்குவார்.

பிரிட்டனில் அலைச்சறுக்கு நடந்ததற்கு இதுவே மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடைசிச் செய்தி. வாத்தியார் மாணவனிடம் படிக்கிறார். மாதக்கணக்கில் அந்தப் பையன்கள் மற்றவர்களின் மொழியில், மற்றவர்களின் மண்ணைப் பற்றி, மற்றவர்களிடம் பாடம் கேட்டார்கள். பிரிட்லிங்டனின் பழுப்பு நிற அலையில் சில நாளுக்கு இடம் மாறியது. தங்கள் பாட்டன் பூட்டனின் பாடத்தை அவர்கள் நடத்தினார்கள். அந்தப் பெருமையை அவன் பெருமை என்று சொல்லாமலே எழுதியிருக்கிறான்.

*

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் கொடியவை. 1891 ஜனவரியில் கலாகவுவா சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். தங்கை லிலியுவோகலானி அரியணை ஏறினார். 1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து படையினர் இறங்கி நிற்க, வெள்ளை முதலாளிகளின் குழு ராணியைப் பதவியிறக்கியது. 1895இல் ராணியை மீட்க எழுந்த கிளர்ச்சியில் கூஹியோ சேர்ந்தார். தோல்வி. ஓராண்டுச் சிறை. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எலிசபெத் கஹானு சிறைக்கு வந்து வந்து பார்த்தார். விடுதலையானபின் 1896இல் மணந்தார். 1898இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. கூஹியோ நாட்டை விட்டே கிளம்பினார். தென்னாப்பிரிக்கா வரை போய்த் திரும்பினார்.

திரும்பியவர் 1902இல் தேர்தலில் நின்று வென்று, ஹவாயின் பிரதிநிதியாக வாஷிங்டன் போனார். நாடாளுமன்றத்தில் பேசலாம், ஆனால் வாக்களிக்க உரிமை இல்லாத பதவி. 1922 ஜனவரி 7 அன்று கண் மூடும் வரை அதில் இருந்தார். தன் மக்கள் நெரிசல் குடியிருப்புகளில் செத்துத் தீர்வதைக் கண்டு, அவர்களுக்கு நிலம் திரும்ப வேண்டும் என்று மன்றாடினார். 1921இல் ஹவாய் வீட்டுமனைச் சட்டம் நிறைவேறியது. சுமார் 2,00,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் கரும்பு விளைந்த நல்ல நிலத்தை முதலாளிகள் விடவில்லை. வறண்ட மேடும் எரிமலைப் பாறையும்தான் பெருமளவு கிடைத்தன. பாதி ரத்தமாவது ஹவாய் ரத்தமாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. கூஹியோ கேட்டது அத்தனை கடுமையானதல்ல. அந்த அநியாயத்தோடு இன்றும் அந்த மக்கள் வாழ்கிறார்கள். அந்தச் சட்டம் இல்லையென்றால் அந்த நிலமும் இருந்திருக்காது.

இந்த வாழ்க்கையில் அலைக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். அதற்கு வைகிகிக்குப் போக வேண்டும். பெரியம்மா கபியோலானியிடமிருந்து கூஹியோவுக்கு வந்த வீடு அங்கே கடலை ஒட்டி இருந்தது. புவாலெய்லானி என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகிகி மணலில் ஓட்டல்களும் பணக்கார வீடுகளும் முளைத்து, மக்கள் கடலுக்கு நடந்துபோகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன. கூஹியோவின் வீட்டைச் சுற்றியும் உயரமான பலகை வேலி இருந்தது. 1918இல் அவர் அந்த வேலியைப் பிரித்தெடுக்கச் செய்தார். வீட்டு முன்னாலிருந்த கடற்கரை எல்லோருக்கும் திறந்தது.

அரசும் அரியணையும் போன பின் ஓர் இளவரசனிடம் கொடுப்பதற்கு என்ன மிச்சம் இருந்ததோ அதைக் கொடுத்தார். 14 வயதில் அந்நிய ஊர் ஆற்றின் வாயிலில் இறங்கியபோது அவரை யாரும் தடுக்கவில்லை. அலை எல்லோருக்கும் வந்தது. 19 வயதில் தன் வாத்தியாருக்கே அலையேறக் கற்றுக்கொடுத்தார். தன் சொந்த ஊரின் குழந்தை ஒன்று பலகையோடு வந்து, வேலியைப் பார்த்துத் திரும்பிப் போவதை அந்த மனிதர் எப்படிப் பொறுத்திருப்பார்?

இன்று அந்த இடத்துக்குப் பெயர் கூஹியோ கடற்கரை. மார்ச் 26 ஹவாயில் அரசு விடுமுறை. அன்று பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. பிள்ளைகள் கடலில் இருக்கிறார்கள்.